கம்ப்யூட்டர் திறந்ததும் தானே எழும் மால்வேர்: கண்டறியும் ரூல் எழுதுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பெங்களூருவின் ஒயிட்ஃபீல்டிலும் எலெக்ட்ரானிக் சிட்டியிலும் சாக் (பாதுகாப்புக் கண்காணிப்பு மையம்) வேலையில் இருக்கும் தமிழ் அனலிஸ்ட்களுக்காக எழுதப்பட்ட பக்கம் இது. சிஸ்மான் (விண்டோஸில் நடப்பதை லாகில் பதியும் கருவி) என்றால் என்ன, சிக்மா (லாகில் தேடும் ரூலை எழுதும் பொது வடிவம்) ரூல் பார்க்க எப்படி இருக்கும் என்ற அளவுக்குத் தெரிந்திருந்தால் போதும். ரெஜிஸ்ட்ரிப் பாதைகளைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். ரூலுக்குள் எழுதும்போது ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

முதலில் எந்தெந்த இடங்களைப் பார்க்க வேண்டும்?

விண்டோஸில் ஒரு நிரல் தானாக எழுவதற்கான வாசல்கள் ஏராளம். தானாக எழுபவற்றைப் பட்டியலிடும் சிஸ்இன்டர்னல்ஸின் ஆட்டோரன்ஸைத் திறந்து பார்த்தாலே மலைப்பாக இருக்கும். எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் ரூல் எழுத உட்கார்ந்தால் ஒன்றும் உருப்படாது. ரெஜிஸ்ட்ரி ரன் கீ (லாகினில் ஓட வேண்டிய நிரல்கள் எழுதப்படும் இடம்), ஸ்டார்ட்அப் ஃபோல்டர், ஷெட்யூல்டு டாஸ்க், சர்வீஸ் என்ற நான்கையும் முதலில் முடியுங்கள். தாக்குதல் உத்திகளுக்கு எண் கொடுக்கும் மைட்டர் அட்டாக் பட்டியலில் முதல் இரண்டும் டி1547.001, டாஸ்க் டி1053.005, சர்வீஸ் டி1543.003. அடுத்த சுற்றில் வின்லாகன் கீகளையும் (லாகின் நடக்கும்போது விண்டோஸ் படிப்பவை) டபிள்யூஎம்ஐ சந்தாவையும் (ஒரு நிகழ்வு நடந்ததும் நிரலை ஓட்டும் ஏற்பாடு) சேர்க்கலாம்.

“ஸ்டார்ட்அப்” என்று பொதுவாகச் சொன்னாலும் ரன் கீயும் ஸ்டார்ட்அப் ஃபோல்டரும் வேலை செய்வது பயனர் லாகின் ஆகும்போதுதான். யாரும் லாகின் ஆகாத சர்வரில் ரன் கீயில் எழுதப்பட்டது மாதக்கணக்கில் தூங்கும். தானியங்கி சர்வீஸும் பூட் டிரிக்கர் வைத்த டாஸ்கும் லாகினுக்குக் காத்திருக்காமல் எழுந்துவிடும்.

ரன் கீயில் யார் எழுதினாலும் அலர்ட் என்று ஒரே ரூல் போட்டால் என்ன?

போடலாம். காபி குடித்துவிட்டுத் திரும்புவதற்குள் வரிசை நிரம்பிவிடும். ஒன்டிரைவ், எட்ஜ், ஸ்லாக், பிரிண்டர் மென்பொருள், ஆடிட்டர்கள் டிஜிட்டல் கையெழுத்து டோக்கனுக்காகப் போடும் மென்பொருள், தமிழ் கன்னடத் தட்டச்சு மென்பொருள் என்று நல்ல பிள்ளைகளும் ஸ்டார்ட்அப்பில்தான் வந்து உட்காருகின்றன. கீயைத் தொட்டது குற்றமல்ல. தொட்டது யார், எழுதியது என்ன, எழுதிய பாதை எந்த இடத்தைக் காட்டுகிறது என்ற மூன்றில் குறைந்தது இரண்டு சந்தேகத்துக்கு இடமாக இருந்தால்தான் அது அலர்ட். ஒன்று மட்டும் என்றால் தேடலுக்குப் போகட்டும், அனலிஸ்டை எழுப்ப வேண்டாம்.

எந்த லாக் இருக்க வேண்டும்?

ரூல் எழுதும் முன் கேட்க வேண்டிய கேள்வி. பலரும் எழுதிய பிறகு கேட்கிறார்கள்.

ரெஜிஸ்ட்ரிக்கு சிஸ்மானின் 12, 13, 14 எண் பதிவுகள். கீயோ வேல்யூவோ உருவானாலோ அழிந்தாலோ 12, வேல்யூ எழுதப்பட்டால் 13, பெயர் மாறினால் 14. நமக்குச் சோறு போடுவது 13. ஆனால் 14-ஐ கான்ஃபிகில் விட்டுவிடாதீர்கள்: வேறு பெயரில் ஒரு கீயை உருவாக்கி, அதன் பெயரை ரன் என்று மாற்றுகிறவர்கள் 13-இல் சிக்க மாட்டார்கள். சிஸ்மான் இல்லையென்றால் செக்யூரிட்டி லாகின் 4657. அதற்கு ஆடிட் பாலிசியை ஆன் செய்வதோடு அந்தக் கீ மேலேயே ஆடிட் அனுமதியும் வைக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் ஒரு வரிகூட வராது.

ஃபோல்டருக்கு சிஸ்மான் 11. டாஸ்குக்கு 4698 உருவாக்கம், 4702 மாற்றம். இரண்டும் “அதர் ஆப்ஜெக்ட் ஆக்சஸ்” துணைப்பிரிவை ஆன் செய்தால்தான் கிடைக்கும். சர்வீஸுக்கு சிஸ்டம் லாகின் 7045, இது எதையும் தொடாமலே வரும். நிரல் ஓட்டத்துக்கு 4688-ஐ நம்புகிறீர்கள் என்றால் கமாண்ட்லைனைப் பதியச் சொல்லும் பாலிசி தனி. அது ஆன் ஆகாத இடத்தில் நிரலின் பெயர் மட்டும் வரும், அதன் பின்னால் என்ன இருந்தது என்று தெரியாது.

ஹெச்கேசியு (நடப்புப் பயனரின் ரெஜிஸ்ட்ரிக் கிளை) என்று எழுதிய ரூல் ஒரு நாளும் அடிக்கவே இல்லை. ஏன்?

சிஸ்மான் லாகில் ஹெச்கேசியு என்ற சொல்லே வராது. அதுதான் காரணம். நடப்புப் பயனர் என்பது அந்தந்தப் பயனரின் பார்வை. சிஸ்மானோ எல்லாப் பயனருக்கும் வெளியிலிருந்து பார்க்கிறது. ஆகவே அது பதிவது இப்படி:

ஹெச்கேயு\எஸ்-1-5-21-…-1104\சாஃப்ட்வேர்\மைக்ரோசாஃப்ட்\விண்டோஸ்\கரண்ட்வெர்ஷன்\ரன்\அப்டேட்டர்

கடைசித் துண்டு கீ அல்ல, வேல்யூவின் பெயர். பாதையின் தலையைப் பிடித்துப் பொருத்தாமல் நடுத் துண்டை “கன்டெய்ன்ஸ்” கொண்டு பொருத்துங்கள். தலையைப் பிடிப்பவர்கள் இன்னொன்றையும் கோட்டைவிடுவார்கள்: 64 பிட் விண்டோஸில் 32 பிட் நிரல் ஹெச்கேஎல்எம்மில் (முழுக் கணினிக்கும் பொதுவான கிளை) எழுதினால் அது வாவ்6432நோட் என்ற கிளைக்குள் போய் விழும். 32 பிட் மால்வேர் இன்றும் நிறைய.

எந்தத் துண்டு என்பதையும் யோசித்தே தேர்ந்தெடுக்க வேண்டும். “\கரண்ட்வெர்ஷன்\ரன்” என்றால் ரன்ஒன்ஸும் கூடவே வரும், அது நல்லது. சோம்பலில் “\ரன்\” என்று மட்டும் போட்டால் ஸ்டார்ட்அப்அப்ரூவ்டு\ரன் என்ற கீயும் மாட்டும். அங்கே டாஸ்க் மேனேஜர் எழுதுவது பைனரி. சிஸ்மான் விவரத்தில் “பைனரி டேட்டா” என்று மட்டும் இருக்கும். அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. மறுபக்கம், பாலிசீஸ்\எக்ஸ்ப்ளோரர்\ரன் முதல் துண்டில் பொருந்தாது. அதைத் தனியாகச் சேர்க்க வேண்டும்.

ஒரு ரூலை வரி வரியாகக் காட்ட முடியுமா?

சிக்மா வடிவத்தில், தமிழ் ஒலிப்பில்:

லாக்சோர்ஸ்: விண்டோஸ், ரெஜிஸ்ட்ரி_செட்
தேர்வு_கீ: டார்கெட்ஆப்ஜெக்ட் | கன்டெய்ன்ஸ்: '\கரண்ட்வெர்ஷன்\ரன்' அல்லது '\பாலிசீஸ்\எக்ஸ்ப்ளோரர்\ரன்'
தேர்வு_கருவி: டீடெய்ல்ஸ் | கன்டெய்ன்ஸ்: 'பவர்ஷெல்', 'எம்எஸ்ஹெச்டிஏ', 'டபிள்யூஸ்கிரிப்ட்', 'ரெக்எஸ்விஆர்32', 'ரன்டிஎல்எல்32'
தேர்வு_இடம்: டீடெய்ல்ஸ் | கன்டெய்ன்ஸ்: '\யூசர்ஸ்\பப்ளிக்\', '\ஆப்டேட்டா\லோக்கல்\டெம்ப்\', '\புரோகிராம்டேட்டா\'
தேர்வு_எழுதியவர்: இமேஜ் | எண்ட்ஸ்வித்: '\ரெக்.எக்ஸ்இ', '\பவர்ஷெல்.எக்ஸ்இ', '\வின்வேர்ட்.எக்ஸ்இ', '\எக்செல்.எக்ஸ்இ'
கண்டிஷன்: தேர்வு_கீ மற்றும் (தேர்வு_கருவி, தேர்வு_இடம், தேர்வு_எழுதியவர் மூன்றில் ஏதேனும் இரண்டு)

சிக்மாவில் “மூன்றில் இரண்டு” என்று நேராக எழுத வழி இல்லை. ஒன்று அல்லது எல்லாம், அவ்வளவுதான். எனவே மூன்று ஜோடிகளையும் “அல்லது” போட்டு விரித்து எழுத வேண்டும். முதல் ஐந்து வரிகளைவிட அடைப்புக்குறி போடுவதில்தான் தவறு நடக்கும்.

பின்சாய்கோடு இன்னொரு வம்பு. சிக்மா ரூல் எழுதப்படும் யாமல் கோப்பில் இரட்டை மேற்கோளுக்குள் பின்சாய்கோடு போட்டால் அது எஸ்கேப் குறியாகிவிடும். ரூல் ஏறாது, அல்லது ஏறி வேறெதையோ தேடும். ஒற்றை மேற்கோளே போடுங்கள். “ரன்\*” என்று முடித்தால் சிக்மா அதை நிஜ நட்சத்திரக் குறியாக எடுத்துக்கொள்ளும். எதுவும் வரலாம் என்ற பொருள் வேண்டுமானால் சாய்கோடு இரண்டு.

பவர்ஷெல்லின் என்கோடட் கமாண்டைப் பிடிக்க “-இஎன்சி” (-enc) தேடினால் போதாதா?

போதாது. பவர்ஷெல் அந்தச் சொல்லை எவ்வளவு சுருக்கினாலும் ஏற்கும். வெறும் “-இ” கூடப் போதும். சிறு கோட்டுக்குப் பதில் சாய்கோடோ, அச்சில் வரும் நீளக் கோடோ போட்டாலும் ஓடும். ஸ்விட்சைத் துரத்துவதைவிட, இடைவெளி இல்லாமல் 40 எழுத்துக்கு மேல் ஓடும் பேஸ்64 சரத்தைத் தேடுவது நிலையானது.

ஆனால் ரன் கீயில் ஒரு வரம்பு இருக்கிறது. அதில் எழுதும் கமாண்ட் 260 எழுத்தைத் தாண்டக் கூடாது என்பது மைக்ரோசாஃப்ட் ஆவணத்திலேயே உள்ள விதி. முழுச் சரக்கும் அதற்குள் அடங்காது. ஆகவே ரன் கீயில் ஒரு சின்ன வரி மட்டும் இருக்கும். அது ரெஜிஸ்ட்ரியின் வேறொரு மூலையில் கிடக்கும் பெரிய வேல்யூவைப் படித்து ஓட்டும். 2014-இல் வெளிப்பட்ட பவெலிக்ஸ் இந்த வகைக்கு முன்னோடி: டிஸ்க்கில் கோப்பே வைக்காமல் ரன்டிஎல்எல்32 வழியாக ஜாவாஸ்கிரிப்டை ஓட்டியது. இதற்கு வேல்யூவுக்குள் “கெட்-ஐட்டம்பிராப்பர்டி”, அதன் சுருக்கமான “ஜிபி”, “ஐஇஎக்ஸ்”, “ஜாவாஸ்கிரிப்ட்:” இவற்றைத் தேடுங்கள். நல்ல மென்பொருள் எதுவும் ரன் கீயில் இப்படி எழுதுவதில்லை. இந்த ஒன்றுக்கு மட்டும் இரண்டாவது சாட்சி கேட்காமல் “ஹை” கொடுக்கலாம்.

ஃபால்ஸ் பாசிட்டிவைக் குறைக்க ஒன்டிரைவ், டீம்ஸ் பெயர்களை ஃபில்டரில் போட்டுவிடலாமா?

பெயரை மட்டும் போட்டால், மால்வேர் எழுதுகிறவனுக்கு நீங்களே கேட் பாஸ் எழுதிக் கொடுத்த கதை. தன் கோப்புக்கும் ஒன்டிரைவ்.எக்ஸ்இ என்று பெயர் வைக்க அவனுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? 2017-இல் வான்னக்ரை ரான்சம்வேர் தன் சர்வீஸை “மைக்ரோசாஃப்ட் செக்யூரிட்டி சென்டர் (2.0) சர்வீஸ்” என்று பதிந்துகொண்டது. “மைக்ரோசாஃப்ட்” என்று தொடங்கும் சர்வீஸையெல்லாம் ஒதுக்கும் ஃபில்டர் இருந்த இடத்தில் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

முழுப் பாதையைப் போட்டாலும் பாதிப் பாதுகாப்புதான். ஒன்டிரைவ் பல கணினிகளில் ஆப்டேட்டாவுக்குள் இருக்கிறது. அங்கே அட்மின் அனுமதி இல்லாத சாதாரணப் பயனரும் எழுதலாம். டிஸ்கார்ட் போன்றவை இன்னும் சங்கடம்: ரன் கீயில் அவை பதிவது “அப்டேட்.எக்ஸ்இ --பிராசஸ்ஸ்டார்ட்” என்ற வடிவம். உண்மையான தடுப்பு டிஜிட்டல் கையொப்பம். சிஸ்மான் 13-இல் கையொப்பத் தகவல் வராது, நிரல் ஓடத் தொடங்குவதைப் பதியும் 1-இல் ஹாஷ் மட்டுமே வரும். எனவே இடிஆர் (கணினியில் ஓடும் பாதுகாப்பு ஏஜென்ட்) தரும் கையொப்பப் புலத்தோடு இணையுங்கள். இடிஆர் இல்லாத இடத்தில் ஆட்டோரன்ஸின் கமாண்ட்லைன் வடிவத்தைக் கையொப்பச் சோதனையோடு வாரம் ஒருமுறை ஓட்டி, முடிவை சீமுக்கு (லாகுகளைத் திரட்டி ரூல் ஓட்டும் மென்பொருள்) அனுப்புங்கள்.

ஃபில்டரில் எழுதியவர், வேல்யூ பெயர், பாதை மூன்றையும் “மற்றும்” போட்டுக் கட்டுங்கள். ஒவ்வொரு ஃபில்டருக்கும் அதைச் சேர்த்த தேதியும் காரணமும் பக்கத்திலேயே கமெண்டாக இருக்கட்டும். ஆறு மாதம் கழித்து அதை நீக்கத் துணிய வேண்டியவர் வேறு ஆளாக இருப்பார். பெங்களூருவில் யார் எவ்வளவு நாள் ஒரே கம்பெனியில் இருக்கிறார்கள்?

“அரிதாகத் தென்படுவது” என்ற அடிப்படையில் தேடலாமா?

தாராளமாக. 30 நாள் லாகை எடுத்து வேல்யூவின் உள்ளடக்கத்தின்படி அடுக்குங்கள். எத்தனை கணினியில் இருக்கிறது என்று எண்ணுங்கள். 2,000 கணினிகள் உள்ள இடத்தில் மூன்றுக்குக் குறைவாக இருப்பதை மட்டும் கண்ணால் பாருங்கள்.

அடுக்கும் முன் சுத்தம் செய்ய வேண்டும். சி:\யூசர்ஸ்\ என்பதற்குப் பின்னால் வரும் பயனர் பெயர், எஸ்ஐடி (எஸ்-1-5 என்று தொடங்கும் பயனர் அடையாள எண்), வெர்ஷன் எண் மூன்றையும் ஒரே குறியாக மாற்றிவிடுங்கள். எட்ஜ் தன் வேல்யூவுக்கு மைக்ரோசாஃப்ட்எட்ஜ்ஆட்டோலாஞ்ச் என்று பெயர் வைத்து வாலில் ஒரு நீண்ட ஹாஷை ஒட்டும். அதை வெட்டாவிட்டால் 2,000 கணினியிலும் 2,000 “அரிய” பதிவுகள்.

ஸ்டார்ட்அப் ஃபோல்டருக்கு ரூல் எளிதுதானே?

ரன் கீயைவிட எளிது, இரைச்சலும் குறைவு. ஃபோல்டர்கள் இரண்டு: பயனருக்கென்று ஆப்டேட்டா\ரோமிங்கின் கீழ் ஒன்று, எல்லோருக்கும் பொதுவாகப் புரோகிராம்டேட்டாவின் கீழ் ஒன்று. இரண்டுமே “ஸ்டார்ட் மெனு\புரோகிராம்ஸ்\ஸ்டார்ட்அப்” என்று முடியும். டெஸ்க்டாப்.ஐஎன்ஐ அங்கே இயல்பாகவே இருக்கும், அதை விட்டுவிடுங்கள். எல்என்கே, விபிஎஸ், ஜேஎஸ், பேட், ஹெச்டிஏ, யூஆர்எல், எக்ஸ்இ எது விழுந்தாலும் பாருங்கள்.

இதில் தங்கம் போன்ற ரூல் ஒன்று: ஆர்க்கைவ் விரிக்கும் நிரல் ஸ்டார்ட்அப் ஃபோல்டரில் எழுதினால் அலர்ட். வின்ரார் பயன்படுத்துபவர் யாரும் ஜிப்பை அங்கே விரிப்பதில்லை. ஆனால் 2019 பிப்ரவரியில் வெளியான சிவிஇ-2018-20250 குறையும், 2025-இல் 7.13 பதிப்பில் அடைக்கப்பட்ட சிவிஇ-2025-8088 குறையும் பயன்படுத்தப்பட்டது இப்படித்தான்: பயனர் ஆர்க்கைவை ஓரிடத்தில் விரிக்க, கோப்பு ஒன்று ஸ்டார்ட்அப்பில் போய் உட்கார்ந்துகொண்டது. ஆபீஸ் நிரல்கள், பிரவுசர்கள், ஸ்கிரிப்ட் ஓட்டிகள் எழுதினாலும் இதே கணக்கு.

ஓட்டை எங்கே என்றால், சிஸ்மான் 11 புதிதாக உருவாகும் கோப்பையும் மேலெழுதப்படும் கோப்பையும் மட்டுமே பதிகிறது. டெம்ப்பில் இறக்கி, அதே டிரைவுக்குள் நகர்த்தினால் அது வெறும் பெயர் மாற்றம், பதிவு வராது. இதற்கு மறுமுனையில் வலை போடுங்கள்: பேரன்ட் எக்ஸ்ப்ளோரர்.எக்ஸ்இ, கமாண்ட்லைனில் ஸ்டார்ட்அப் ஃபோல்டரின் பாதை. எழுதியபோது தப்பித்தது ஓடும்போது மாட்டும். ஸ்டார்ட்அப் ஃபோல்டரையே வேறிடத்துக்கு மாற்றும் “யூசர் ஷெல் ஃபோல்டர்ஸ்” கீயின் ஸ்டார்ட்அப் வேல்யூவுக்கும் ஒரு ரூல் வையுங்கள். அதை யாரும் சாதாரணமாக மாற்ற மாட்டார்கள்.

டாஸ்க், சர்வீஸ் இரண்டுக்கும்?

7045-இல் இமேஜ்பாத் புலத்தைப் பாருங்கள். காம்ஸ்பெக் (கமாண்ட் ப்ராம்ப்டைக் குறிக்கும் மாறி), பவர்ஷெல், யூசர்ஸ், டெம்ப் இதில் எது இருந்தாலும் சர்வீஸுக்கு அது அழகல்ல. 4698-இல் டாஸ்கின் முழு எக்ஸ்எம்எல்லும் வருகிறது. லாகன் டிரிக்கர் அல்லது பூட் டிரிக்கர் இருந்து, கமாண்ட் பயனர் எழுதக்கூடிய இடத்தைக் காட்டினால் அலர்ட். சில சீம் பார்சர்கள் அந்த எக்ஸ்எம்எல்லை நடுவில் வெட்டிவிடும், கமாண்ட் பகுதி பின்பாதியில் இருக்கும். ஒரு நிஜப் பதிவைத் திறந்து கடைசி வரி வரை வந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே ரூலை எழுதுங்கள்.

மறைக்கப்பட்ட டாஸ்கும் உண்டு. 2022 ஏப்ரலில் மைக்ரோசாஃப்ட் விவரித்த டாராஸ்க் என்ற மால்வேர், டாஸ்க்கேஷ்\ட்ரீ கீயின் கீழ் தன் டாஸ்குக்கு உரிய “எஸ்டி” வேல்யூவை அழித்தது. அதன்பின் டாஸ்க் ஷெட்யூலரிலும் தெரியாது, கமாண்டில் கேட்டாலும் வராது. ஆனால் டாஸ்க் ஓடும். அந்த வேல்யூ மட்டும் அழிக்கப்படுவதை சிஸ்மான் 12-இல் பிடிக்கலாம். டாஸ்கையே முழுதாக நீக்கும்போதும் இதே பதிவு வரக்கூடும் என்பதால், அழித்தது ஷெட்யூலர் சர்வீஸின் எஸ்விசிஹோஸ்ட் இல்லாதபோது மட்டும் அலர்ட் ஆக்குங்கள்.

வின்லாகன் ரூல் எல்லாக் கணினியிலும் அடிக்கிறது!

யூசர்இனிட் வேல்யூவின் இயல்பான மதிப்பு “சி:\விண்டோஸ்\சிஸ்டம்32\யூசர்இனிட்.எக்ஸ்இ,” என்பது. கடைசியில் அந்தக் காற்புள்ளி உண்டு. ஒப்பிடும் சரத்தில் அதை விட்டிருப்பீர்கள். ஷெல் வேல்யூவில் எக்ஸ்ப்ளோரர்.எக்ஸ்இ தவிர எது வந்தாலும் அலர்ட். ரிசப்ஷனில் பார்வையாளர் பதிவுக்கு வைத்திருக்கும் கியோஸ்க் கணினி மட்டும் விதிவிலக்கு. அதைக் கணினியின் பெயரால் ஒதுக்குங்கள், வேல்யூவால் அல்ல.

யாரா ரூல் இதற்கு உதவுமா?

ஓரளவுக்கு. யாரா பார்ப்பது கோப்பையோ நினைவகத்தையோ. கணினியில் என்ன நடந்தது என்று அதற்குத் தெரியாது. “கரண்ட்வெர்ஷன்\ரன்” என்ற சரம் பல இன்ஸ்டாலர்களிலும் இருக்கும், அதை மட்டும் வைத்து எழுதாதீர்கள். எம்இசட் தலைப்பு (விண்டோஸ் நிரல் கோப்பின் முதல் இரண்டு எழுத்து), 5 எம்பிக்குக் குறைவான அளவு, ரன் கீ சரம், அதோடு அந்த மால்வேர் குடும்பத்துக்கே உரிய இரண்டு சரங்கள் என்று கட்டுங்கள். விண்டோஸ் நிரல்களில் சரங்கள் பெரும்பாலும் ஓர் எழுத்துக்கு இரண்டு பைட்டாக இருக்கும். “வைட்” என்று குறிக்காமல் விட்டுவிட்டு, ரூல் பொருந்தவில்லையே என்று மண்டையைப் பிய்த்துக்கொள்வது வாடிக்கை. “வைட் ஆஸ்கி” இரண்டையும் சேர்த்துப் போடுங்கள்.

எப்படிச் சோதிப்பது?

விர்ச்சுவல் மெஷினில் ஸ்னாப்ஷாட் எடுத்துவிட்டு, தாக்குதல்களைப் பாவனை செய்யும் அட்டாமிக் ரெட் டீம் தொகுப்பின் டி1547.001 சோதனைகளை ஒவ்வொன்றாக ஓட்டுங்கள். எல்லாம் ஒரே நேரத்தில் ஓட்டினால் எது எந்த அலர்ட்டை எழுப்பியது என்று பிரிக்க முடியாது. மறுபடி எழுகிறதா என்று பார்க்க “ரீஸ்டார்ட்” கொடுங்கள், “ஷட் டவுன்” வேண்டாம்: ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஆன் ஆக இருந்தால் ஷட் டவுனில் கர்னல் உறக்கத்துக்குத்தான் போகிறது, சர்வீஸ் சோதனை பொய்யாகிவிடும்.

நேரத்தையும் கவனியுங்கள். சிஸ்மானின் நேரப் புலம் யூடிசி. காலை 9:30-க்கு லாகின் ஆனவரின் பதிவு 04:00 என்று இருக்கும். அதைப் பார்த்து “விடியற்காலை நாலு மணிக்கு யார் உள்ளே வந்தது?” என்று டிக்கெட் எழுப்பாதீர்கள்.

பிறகு கடந்த 14 நாள் லாகில் ரூலைப் பின்னோக்கி ஓட்டுங்கள். நாளுக்கு ஐந்துக்கு மேல் வந்தால் அது இன்னும் அலர்ட் ஆகத் தயாரில்லை. அந்த 14 நாளுக்குள் மாதத்தின் இரண்டாவது செவ்வாய் வருமாறு பார்த்துக்கொள்ளுங்கள். மைக்ரோசாஃப்ட் பேட்ச்கள் நம் நேரத்துக்கு அன்று இரவு 10:30 வாக்கில் வெளியாகின்றன (அமெரிக்கக் குளிர்காலத்தில் 11:30). அடுத்த சில நாளில் ரன்ஒன்ஸ் பதிவுகள் எவ்வளவு ஏறுகின்றன என்பதும் அப்போதுதான் தெரியும்.

ரூல் பல மாதமாக அமைதியாக இருக்கிறது. நிம்மதிப்படலாமா?

அமைதிக்குக் காரணம் தாக்குதல் இல்லாததா, லாக் வராததா என்று தெரியாமல் எப்படி நிம்மதி? சோதனைக் கணினி ஒன்றில் வாரம் ஒருமுறை ரன் கீயில் தீங்கில்லாத ஒரு வேல்யூவை எழுதி அழிக்கும் டாஸ்க் ஒன்று வையுங்கள். ரூல் கேட்கும் மூன்றில் இரண்டையாவது அது தொட வேண்டும். 15 நிமிடத்தில் அலர்ட் வரவில்லையென்றால் ஏஜென்ட், கான்ஃபிக், பார்சர் என்ற வரிசையில் தேடுங்கள். சிஸ்மான் கான்ஃபிகைப் புதுப்பிக்கும்போது ரெஜிஸ்ட்ரிப் பகுதி விடுபட்டுப்போவது அடிக்கடி நடப்பது.

அலர்ட் உண்மைதான் என்று தெரிந்தது. கீயை உடனே அழிக்கலாமா?

அழிக்காதீர்கள். கணினியை நெட்வொர்க்கிலிருந்து பிரியுங்கள். கீ, அது காட்டும் கோப்பு, எழுதிய பிராசஸின் பேரன்ட் வரிசை, முடிந்தால் நினைவகம் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். ரன் கீயோடு ஒரு டாஸ்கையும் சேர்த்து வைப்பது மால்வேருக்குப் பழக்கம். என்ஜேராட் என்ற மால்வேர் ரன் கீயிலும் எழுதும், ஸ்டார்ட்அப் ஃபோல்டரிலும் தன் நகலைப் போடும். ஒன்றை அழித்தால் மற்றது அடுத்த லாகினில் அதைத் திரும்ப எழுதிவிடும்.

கடிகாரமும் ஓடத் தொடங்கிவிட்டது. 2022 ஏப்ரல் 28 அன்று செர்ட்-இன் (இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அவசரக் குழு) பிறப்பித்த உத்தரவுப்படி, அதில் பட்டியலிட்ட வகைச் சம்பவத்தை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். லாகுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். தெரிவிப்பது அனலிஸ்டின் வேலை அல்ல. ஆனால் “எப்போது அறிந்தோம்” என்ற கேள்விக்குப் பதில் உங்கள் டிக்கெட்டில்தான் இருக்கும். அலர்ட் வந்த நேரம், நீங்கள் திறந்த நேரம், உறுதி செய்த நேரம் மூன்றையும் தனித்தனியாக, ஐஎஸ்டி என்று குறித்து எழுதுங்கள்.

டாஸ்க் மேனேஜரில் “டிசேபிள்டு” என்று காட்டுகிறதே, அதை விட்டுவிடலாமா?

ரன் கீயில் வேல்யூ அப்படியேதான் இருக்கிறது. ஸ்டார்ட்அப்அப்ரூவ்டு கீயில் அதற்குரிய பைனரியின் முதல் பைட் 02 என்றால் இயங்கும், 03 என்றால் நிறுத்தப்பட்டது. மால்வேர் அந்தப் பைட்டைத் திரும்ப 02 ஆக்க அட்மின் அனுமதிகூடத் தேவையில்லை, பயனரின் கீயாக இருந்தால். பயனர் தானே பார்த்துச் சந்தேகப்பட்டு அணைத்திருக்கலாம். அவரை அழைத்துக் கேளுங்கள், எந்த நாள் முதல் அது கண்ணில் பட்டது என்பதோடு சேர்த்து.